ஜோடி ஓட்டம்

ருக்கு தில்லியை விட்டுக் கிளம்பியது ஏப்ரல் மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், விடிவதற்கு முன்னால். லடாக்கில் இருக்கும் லேவுக்குப் போகும் விமானங்கள் அநேகமாக அந்த நேரத்தில்தான் கிளம்பும். வெயில் ஏறிவிட்டால் மலைகளுக்கு நடுவே காற்று முரண்டு பிடிக்கும் என்பார்கள். ஆகையால் அன்றைக்கு அவள் மோதி பாக் குவார்ட்டர்ஸின் மாடிப்படியில் பெட்டியோடு இறங்கிய நேரமும், இத்தனை வருஷமாக ஓடுவதற்கென்று இறங்கிவந்த நேரமும் ஒன்றாகவே அமைந்துவிட்டன. அதே இருட்டு. படிக்கட்டில் அதே மினுக்குகிற பல்பு. காலிலும் அதே ஓட்ட ஷூதான். பெட்டியில் வைத்தால் கனம் கூடிவிடும் என்று போட்டுக்கொண்டிருந்தாள்.

கடைசிப் படியில் வந்து நின்றவள், கை தானாகப் போனை எடுக்க, மாதங்கிக்கு ஒரு வார்த்தை அனுப்பினாள்: "இறங்கிட்டேன்."

"இப்ப யாருக்கு அனுப்பறே? டாக்ஸிக்காரன் எதிர்லயே நிக்கறான்," என்றான் அவள் கணவன் ஸ்ரீதர், பெட்டியைத் தூக்கமாட்டாமல் தூக்கிக்கொண்டு.

அவள் போனைப் பையில் போட்டுக்கொண்டாள். டாக்ஸி காலனி கேட்டைத் தாண்டி, குருத்வாராவுக்கு இந்தப் பக்கம் இருக்கும் பால் பூத்தை நெருங்கியபோது, "பையா, ஸரா தீரே," என்று முன்னால் குனிந்து சொன்னாள். வண்டி மெதுவாகப் போயிற்று. பால் பூத்தில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஒருவன் காலிக் கூடைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தான். பக்கத்து வேப்பமரத்தடியில், மாதங்கி எப்போதும் ஒரு காலைப் பின்னால் மடக்கிப் பிடித்துக்கொண்டு கொக்கு மாதிரி நிற்கும் இடத்தில், யாரும் இல்லை.

ஸ்ரீதர் புரிந்துகொண்டு மறுபக்கத்து ஜன்னலைப் பார்த்தான்.

விமான நிலையத்து வரிசையில் நிற்கும்போது போனை எடுத்துப் பார்த்தாள். அனுப்பியது போய்ச் சேர்ந்திருந்தது. படித்தும் ஆகியிருந்தது. பதில் மட்டும் வரவில்லை.

ருக்குவைத் தெருவில் பார்க்கிறவர்கள் ஓட்டக்காரி என்று நினைக்கமாட்டார்கள். நாற்பதைத் தாண்டிய உடம்பு, ஐந்தடிக்குக் கொஞ்சம் கூடுதலான உயரம், மூக்கில் சரிந்துகொண்டே இருக்கும் கண்ணாடி, மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் அசிஸ்டென்ட் வேலை. அவள் அப்பா கோபாலன் கும்பகோணம் பக்கத்திலிருந்து குமாஸ்தா வேலைக்காக வந்து, கரோல் பாகில் வாடகைக்குக் குடியிருந்தவர். புசா ரோடு தமிழ்ப் பள்ளியில் படித்த காலத்தில் ருக்கு ஓடிய ஒரே பந்தயம், எலுமிச்சம்பழத்தை ஸ்பூனில் வைத்துக்கொண்டு ஓடுவது. அதிலும் பாதியிலேயே பழத்தைக் கீழே போட்டாள்.

முப்பது வயதுக்கு மேல் ஒரு ரத்தப் பரிசோதனையில், சர்க்கரை வந்து வாசலில் நிற்கிறது என்று தெரிந்தது. டாக்டர் நடக்கச் சொன்னார். நேரு பார்க்கில் நடந்தாள். நடந்து நடந்து அலுத்துப்போய், ஒருநாள் சும்மா ஓடிப் பார்த்தாள். பெஞ்சில் உட்கார்ந்திருந்த சர்தார்ஜி ஒருவர் கை தட்டினார். கேலியா மெச்சலா என்று தெரியவில்லை. எதுவாயிருந்தாலும் மறுநாளும் ஓடினாள். அதற்கடுத்த நாளும்.

மாதங்கி அங்கேதான் கிடைத்தாள். ருக்கு ஓட்டத்துக்கு நடுவே நின்று, மூச்சு வாங்கிக்கொண்டே போனில், "குக்கரை அணைச்சேளா இல்லையா?" என்று ஸ்ரீதரிடம் கத்திக்கொண்டிருந்தாள். பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"நீங்க தமிழாங்க்கா?"

"பின்னே, குக்கர் பாஷையா?"

அந்தப் பெண் சிரித்த சிரிப்பில் மைனாக்கள் எழுந்து பறந்தன. ருக்குவைவிடப் பதினைந்து வயது சின்னவள். கோயம்புத்தூர்க் குடும்பம், ஆனால் பிறந்து வளர்ந்ததெல்லாம் தில்லி. அப்பா ரிடையர் ஆனதும் பெற்றோர் ஊருக்குத் திரும்பிவிட, இவள் மட்டும் குர்காவில் ஐ.டி. வேலையோடு தங்கிவிட்டாள். ஓடுவதற்கென்று நேரு பார்க் வரை வருவாள். தமிழ் நன்றாகப் பேசுவாள், நடுநடுவே இந்தி தடுக்கி விழும். படிக்கச் சொன்னால் எழுத்துக் கூட்டுவாள். போனில் ஆங்கில எழுத்தில்தான் தமிழ் அடிப்பாள்.

இரண்டு பேரும் ஒரே வேகம். ஓட்டத்தில் அது எளிதாகக் கிடைக்கிற விஷயம் இல்லை. வேகமானவள் மெதுவானவளுக்காகக் காத்திருந்தால் ஒரு வாரத்தில் அலுத்துப்போகும். மெதுவானவள் வேகமானவளை எட்டிப் பிடிக்கப் பார்த்தால் ஒரு மாதத்தில் முழங்கால் போகும். இவர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. ஒருத்தியின் காலடிச் சத்தம் மற்றவளுடையதோடு ஒட்டிக்கொண்டு, இரண்டு பேர் ஓடுகிறார்கள் என்பதே காதுக்குத் தெரியாது. மாதங்கி அடுத்த வருஷமே குர்காவ் அறையைக் காலி செய்துவிட்டு, ரிங் ரோட்டுக்கு அந்தப் பக்கம் சத்ய நிகேதனில் ஒரு மூன்றாம் மாடி அறைக்கு வந்துவிட்டாள். ஆபீஸுக்கு மெட்ரோவில் ஒரு மணி நேரம். "ஓடறதுக்காக வீடு மாத்தினவளை இப்பத்தான் பார்க்கறேன்," என்றான் ஸ்ரீதர்.

"அண்ணா, ஓடாம இருக்கறதுக்காக நீங்க எவ்வளவு கஷ்டப்படறீங்க! அதைவிட இது ஈஸி," என்றாள் மாதங்கி.

வேலைக்குப் போகிற பெண்களுக்கு ஓட நேரம் விடியலுக்கு முன்தான். தில்லியில் அந்த நேரத்தில் ஒரு பெண் தனியாகத் தெருவில் நிற்பது என்றால் என்ன என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை. ஓடுகிறபோது கூடப் பயமில்லை. துணை வரும்வரை ஓரிடத்தில் நிற்கும் அந்தக் கொஞ்ச நேரம்தான் பயம். அதற்கு இருவரும் ஓர் ஏற்பாடு வைத்திருந்தார்கள். தயாரானவள் கடைசிப் படிக்கு வந்து, உள்ளே நின்றபடியே, "இறங்கிட்டேன்" என்று அனுப்புவாள். மற்றவளும் தன் கடைசிப் படிக்கு வந்து, "நானும்" என்பாள். அந்தப் பதில் வந்த பிறகுதான் இரண்டு பேரும் தத்தம் கேட்டைத் திறப்பார்கள். இரண்டு பக்கமிருந்தும் வேகமாக நடந்தால் பால் பூத்துக்கு ஒரே சமயத்தில் வந்து சேரலாம். ஒருத்தியும் காத்து நிற்க வேண்டியதில்லை. மழை, குளிர், அடைத்துக்கொள்ளும் பனிமூட்டம் எதிலும் இது தவறியதில்லை. காய்ச்சல் என்றால், "இன்னிக்கு இறங்கலை" என்று வரும். அன்றைக்கு மற்றவளும் இறங்கமாட்டாள். அது பேசி வைத்துக்கொண்ட விதி இல்லை. தனியாக இறங்க முடியாது, அவ்வளவுதான்.

இரண்டு பேருக்கும் ஒரே ஆசை: பிப்ரவரியில் நடக்கும் தில்லி மாரத்தானை நாலு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும், அதுவும் சேர்ந்தே முடிக்க வேண்டும். ஒவ்வொரு வருஷமும் நாலு மணி நேரத்தைச் சில நிமிஷங்கள் தாண்டித்தான் முடிக்க முடிந்தது. குறை காலில் இல்லை, நெஞ்சில் இருந்தது. பந்தயத்துக்குப் பயிற்சி எடுக்கிற மாதங்கள்தான் தில்லியில் புகை மூடுகிற மாதங்களும். தீபாவளிக்கு முன்பே வானம் சாம்பல் பூசிக்கொள்ளும். சாந்தி பத்தின் அகலமான சாலையில் ஓடும்போது எதிர்ச்சாரி விளக்குகள்கூடத் தெரியாது. ருக்குவுக்கு இருமல் பிடித்தால் ஜனவரி வரை விடாது. அந்த வருஷம் டாக்டர் கொஞ்சம் கடுமையாகவே சொன்னார். "இந்தக் காற்றில் ஓடுவதற்குப் பதில் நீங்கள் சிகரெட் பிடிக்கலாம். உட்கார்ந்துகொண்டாவது பிடிப்பீர்கள்."

அதே நவம்பரில்தான் ஆபீஸ் நோட்டீஸ் போர்டில் அந்தச் சுற்றறிக்கையைப் பார்த்தாள். லே கிளைக்கு ஆள் தேவை, விருப்பம் இருப்பவர்கள் விண்ணப்பிக்கலாம். வருஷா வருஷம் ஒட்டுவார்கள். வருஷா வருஷம் யாரும் ஏறெடுத்துப் பார்க்கமாட்டார்கள். பதினோராயிரம் அடிக்கு மேலே, மழையே இல்லாத பாலைவனம், பாதி வருஷம் உறைபனி. அங்கே போகிறவர்களுக்குத் தில்லிக் குவார்ட்டர்ஸை விடவேண்டாம் என்று சலுகை கொடுத்தும் ஆள் கிடைக்கவில்லை. ருக்கு அதன் முன்னால் டீ ஆறும்வரை நின்றாள். உயரத்தில் வாழ்கிறவர்களுக்கு ரத்தம் கெட்டிப்படும், கீழே வந்து ஓடினால் நெஞ்சு இரண்டு பங்கு வேலை செய்யும் என்று ஓட்டக்காரர்கள் பேசுவதை அவள் எவ்வளவோ கேட்டிருக்கிறாள். அங்கே புகையும் கிடையாது.

அன்று சாயங்காலமே ஸ்ரீதரிடம் கேட்டாள். அவன், "ரெண்டு வருஷம்தானே? ஆனா காலனியில என்னன்னு சொல்றது? என் பெண்டாட்டி ஓடிப்போயிட்டான்னா?" என்றான். அதுதான் அவன் சம்மதம் சொல்கிற விதம்.

மறுநாள் விண்ணப்பம் கொடுத்தாள். மாதங்கியிடம் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்பது சர்க்கார் குடும்பத்தில் பிறந்தவர்களுக்குப் புரியும். மாற்றல் ஆர்டர் கைக்கு வரும்வரை அதைப்பற்றி மூச்சு விடக்கூடாது என்பது அவர்கள் வீட்டில் சாமி காரியம் மாதிரி. கோபாலன் ஒருமுறை, மெட்ராஸுக்கு மாற்றல் உறுதி என்று பெரிய அதிகாரி சொன்னதை நம்பிக் கரோல் பாக் முழுக்கச் சொல்லிவிட்டார். கட்டிலைக்கூட விற்றாயிற்று. கடைசியில் அந்த இடம் வேறு யாருக்கோ போய்விட்டது. குடும்பம் மாதக்கணக்கில் தரையில் படுத்தது, வழியில் பார்க்கிறவரெல்லாம், "என்ன சார், இன்னும் மெட்ராஸ் போகலையா?" என்று கேட்டார்கள். அன்றிலிருந்து கோபாலன், ஆர்டரைக் கையில் வாங்கிய பிறகும் இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் மனைவியிடம் சொல்வார். ருக்குவும் அப்படியே வளர்ந்தாள். சொன்னால் நடக்காது. நடந்தபின் சொன்னால் போதும்.

டிசம்பரில் ஒருநாள், சாந்தி பத்தில் திரும்பி வந்துகொண்டிருக்கும்போது மாதங்கி சொன்னாள்.

"அக்கா, பெங்களூர்ல டீம் லீட் தர்றேன்னாங்க. நேத்து வேண்டாம்னு சொல்லிட்டேன்."

"ஏண்டி? நல்ல வேலையாச்சே."

"வேலை அச்சாதான். அங்க போயி யாரோட ஓடறது? நீங்க வருவீங்களா?"

இரண்டு பேரின் காலடியும் ஒன்றாக விழுந்துகொண்டிருந்தது. மாற்றல் விஷயம் ருக்குவின் தொண்டை வரை வந்தது. விண்ணப்பம் அப்போது யார் மேஜையில் இருக்கிறது என்றே தெரியாது. கிடைக்காமல் போகவும் போகலாம். கிடைக்காத ஒன்றுக்காக இவளை ஏன் கலக்க வேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, இருமினாள். இருமல் உண்மையாகவே வந்தது.

"தண்ணி குடிங்க்கா," என்று மாதங்கி தன் பாட்டிலைக் கொடுத்தாள்.

பிற்காலத்தில் ருக்கு தன் வாழ்க்கையில் திருப்பி வாங்கிக்கொள்ள நினைத்த ஒரே ஓட்டம் அன்றைய ஓட்டம்தான். அன்று வாயைத் திறந்திருந்தால் மாதங்கி அந்த வாரமே ஆபீஸில் பேசி, பெங்களூர் வேலையைத் திரும்பக் கேட்டிருக்கலாம். அல்லது, 'போங்க்கா, நான் இங்க வேற ஜோடி தேடிக்கறேன்' என்று சண்டை போட்டிருக்கலாம். எதுவானாலும் அவளுக்கு நாள் இருந்திருக்கும்.

மார்ச்சில் ஆர்டர் வந்தது. நல்ல சேதி என்றால் ஆபீஸில் இனிப்புக் கொடுப்பது வழக்கம். ருக்கு கலாகந்து வாங்கிக் கொடுத்தாள். அதில் ஒரு பெட்டியைத் தனியாக எடுத்துவைத்து, மறுநாள் விடியற்காலையில் பால் பூத்துக்குக் கொண்டுபோனாள். அந்தப் பெட்டி செய்த அநியாயம் கொஞ்சமில்லை. வெறுங்கையோடு போய்ச் சொல்லியிருந்தால்கூட அது வருத்தமான சேதியாகவாவது இருந்திருக்கும்.

"என்னங்க்கா விசேஷம்? அண்ணா ஓட ஆரம்பிச்சுட்டாரா?"

"எனக்கு லேவுக்கு மாத்தல் ஆயிடுத்துடி. நேத்துதான் ஆர்டர் வந்தது."

மாதங்கி ஒரு துண்டு கலாகந்தை எடுத்தவள் வாய்க்குக் கொண்டுபோகவில்லை. "ஐயோ, தூக்கி அடிச்சுட்டாங்களா? யாரையாவது பார்த்துக் கேன்சல் பண்ண முடியாதா?"

ருக்கு கையிலிருந்த பெட்டியைப் பார்த்துக் குனிந்துகொண்டாள்.

"நீங்களா கேட்டீங்களா?"

"ம்."

"எப்போ?"

"நவம்பர்ல."

மாதங்கி மனசுக்குள் மாதங்களைப் பின்னோக்கிப் புரட்டுவது முகத்தில் தெரிந்தது. பிறகு கலாகந்தைத் திரும்பப் பெட்டியிலேயே, எடுத்த இடத்திலேயே வைத்தாள்.

"நான் பெங்களூர் வேண்டாம்னு சொன்ன அன்னிக்கு, உங்களுக்குத் தெரியும்."

"ஆர்டர் வராம எப்படிச் சொல்றது? கிடைக்குமான்னே தெரியாதுடி. எங்காத்துல..."

"ஊருக்குச் சொல்ல வேண்டாங்க்கா. நான் ஊரா?"

மாதங்கி பெட்டியை மூடினாள். "வாங்க, லேட் ஆகுது," என்று ஓட ஆரம்பித்துவிட்டாள். அன்றைக்குத்தான் ருக்குவுக்குத் தெரிந்தது, மாதங்கி இத்தனை வருஷமும் தன் முழு வேகத்தில் ஓடியதில்லை என்று. வாலிபத்தின் கால் அது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே தூதரகச் சுவர்களின் வளைவில் மறைந்துபோனாள். ருக்கு இனிப்புப் பெட்டியை எங்கே வைப்பது என்று தெரியாமல் அதையும் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினாள். வீடு வந்து திறந்து பார்த்தபோது கலாகந்து எல்லாம் பொடிப்பொடியாகக் கிடந்தது.

அதன்பிறகு மாதங்கியிடமிருந்து தினமும், "இன்னிக்கு இறங்கலை" என்றுதான் வந்தது. பிறகு அதுவும் நின்றது.

லேவில் இறங்கியதும் ஆபீஸில் முதல் சில நாள் படுத்தே கிடக்கச் சொன்னார்கள். தலைவலியில் அதற்குமேல் எதுவும் செய்யவும் முடியவில்லை. சங்கர் என்ற மலைச்சரிவுப் பேட்டையில், பத்மா ஆண்டி என்கிற லடாக்கிப் பெண்மணியின் வீட்டு மாடியில் ஓர் அறை. ("பத்மாவா? மாம்பலத்துக்காரியான்னு கேளு," என்றான் ஸ்ரீதர் போனில்.) ஜன்னலுக்கு வெளியே மரமில்லாத மலைகள், காய்ந்த மண் நிறத்தில், தொட்டுவிடலாம் போல. அதற்குமேலே, தில்லியில் அவள் ஒருநாளும் பார்த்திராத நீலம்.

முதன்முதலாக ஓடியபோது, தெருமுனை வருவதற்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். அவள் மேல்மூச்சு வாங்கி நிற்க, பள்ளிக்கூடம் போகிற குழந்தைகள், "ஜூலே ஆண்டி!" என்று லடாக்கி மொழியில் வணக்கம் சொல்லிவிட்டு அவளைத் தாண்டி ஓடின. வாரங்கள் போயின. மூக்கில் ரத்தம் வந்தது, உதடு வெடித்தது, வியர்வை தோலில் நிற்காமலே காய்ந்தது. ஆனால் நெஞ்சு கொஞ்சம் கொஞ்சமாக வழிக்கு வந்தது. இருமல் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. கோடைக்குள் ஊரின் பழைய அரண்மனைக்குக் கீழே சுற்றிவரும் ஏற்றத்தை நிற்காமல் ஓடினாள்.

அங்கே ஒரு பெண் விடியலில் தனியாக ஓடலாம். தெருநாய்களுக்குத்தான் பயப்பட வேண்டும். அதற்கு ஒரு கல்லைக் கையில் வைத்துக்கொண்டால் போதும், எறியக்கூட வேண்டாம், குனிந்தாலே ஓடிப்போகும். யாரிடமும் எதையும் அறிவிக்காமல் கேட்டைத் திறந்துகொண்டு போகலாம். ருக்கு மட்டும் வெகுநாள் வரை கடைசிப் படியில், போனைக் கையில் வைத்தபடி, கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் போனாள். பத்மா ஆண்டி அதைக் கவனித்துவிட்டு, படியில் நின்று கும்பிடும் வழக்கம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

மாதங்கிக்கு அவள் படங்கள் அனுப்பினாள். சிந்து நதி, கொத்துக் கொத்தாய் ஆப்ரிகாட் என்கிற பாதாமிப் பழம், பனி விழுந்த ஷூ. பதிலுக்குக் கட்டைவிரல் ஒன்று வரும். 'சூப்பருங்க்கா' என்று எப்போதாவது. ஓட்டம் எப்படிப் போகிறது என்று கேட்டால், 'சல் ரஹா ஹை', ஓடிக்கொண்டிருக்கிறது, என்பாள். அதை ருக்கு நம்பினாள். நம்புவது சௌகரியமாகவும் இருந்தது.

நவம்பரில் ஸ்ரீதர் பேசும்போது, தில்லியில் புகை மூடிவிட்டதையும், பக்கத்து வீட்டில் நாய் வாங்கியதையும் சொல்லிவிட்டுப் போகிறபோக்கில் கேட்டான். "ஆமா, உன் சிநேகிதி ஓடறதையே விட்டுட்டாளே, உங்கிட்ட சொன்னாளா?"

"யார் சொன்னா?"

"பால் பூத்துல பார்த்தேன். ஏம்மா காணோமேன்னேன். நீ போனப்புறம் தனியா போயிருக்கா. சாந்தி பத்துல ஒரு கார் பக்கத்துலயே ஊர்ந்துண்டு வந்திருக்கு. கண்ணாடியை இறக்கிப் பாட்டு வேற போட்டானாம். திரும்பி வந்துட்டா. அடுத்த வாரம் தைரியமா மறுபடியும் போயிருக்கா. அதே காராம். அதோட சரி."

"எப்போ இது?"

"மே மாசமோ என்னமோ. ஏன், உனக்குத் தெரியாதா?"

மே மாதத்தில் ருக்கு அவளுக்குப் பாதாமிப் பூ படம் அனுப்பியிருந்தாள். வெள்ளையும் ரோஜாவுமாக, மலை பின்னணியில். அதற்கு ஒரு கட்டைவிரல் வந்திருந்தது.

உடனே பேசவேண்டும் என்று போனை எடுத்தாள். என்ன பேசுவது என்று தெரியவில்லை. நேரில் பார்த்துப் பேசலாம் என்று வைத்துவிட்டாள். கோபாலன் வீட்டில் பிறந்த பெண்ணுக்குப் பேச்சை ஒத்திப்போடச் சொல்லித்தர வேண்டியதில்லை.

பிப்ரவரி மாரத்தானுக்குப் பெயர் கொடுத்தபோது மாதங்கியின் பெயரையும் சேர்த்தே கொடுத்தாள். 'நாம ரெண்டு பேரும். வரியா?' என்று அனுப்பினாள். 'பார்க்கறேங்க்கா' என்று வந்தது.

பந்தயத்தன்று ஜவஹர்லால் நேரு ஸ்டேடியத்துக்கு வெளியே கூட்டத்தில் அவளைத் தேடித் தேடிப் பார்த்துவிட்டு, கடைசியில் தனியாகத்தான் கிளம்பினாள். ஓட ஆரம்பித்ததும் உடம்பு தன்னுடையதாகவே இல்லை. மலையில் கெட்டிப்பட்ட ரத்தம் கீழ்க்காற்றில் என்ன செய்யும் என்று கேட்டுத்தான் இருந்தாள், இப்போது கண்டாள். முந்தைய வருஷங்களில் இருவரும் மாறி மாறித் திட்டிக்கொண்டு, கெஞ்சிக்கொண்டு இழுத்துப் பறித்த கடைசி மைல்கள், காலுக்குக் கீழே சுருட்டிக்கொண்டு வந்தன. நாலு மணி நேரத்துக்கு வெகு முன்னாலேயே முடித்துவிட்டாள். கழுத்தில் பதக்கத்தைப் போட்டார்கள். யாரோ படம் எடுத்தார்கள். பக்கத்தில் திரும்பி, "பார்த்தியாடி!" என்று சொல்ல வாயெடுத்துவிட்டு, அங்கே முன்பின் தெரியாத ஒரு மனிதர் வாந்தி எடுத்துக்கொண்டிருப்பதைக் கண்டாள்.

கயிற்றுக்கு அந்தப் பக்கம் மாதங்கி நின்றுகொண்டிருந்தாள். ஜீன்ஸ், ஆபீஸ் பை, கையில் ஒரு வாழைப்பழம். முகம் கொஞ்சம் பூசியிருந்தது.

"பறந்தீங்கக்கா," என்று பழத்தை நீட்டினாள்.

"நீ ஓடலையா? நம்பர் வாங்கி வெச்சிருந்தேனே."

"ஒரு கிலோமீட்டர் ஓடினா மூச்சு நின்னுரும். விடுங்க."

"அந்தக் கார் விஷயத்தை ஏண்டி எங்கிட்டச் சொல்லலை?"

மாதங்கி சிரித்தாள். பழைய சிரிப்புக்குக் கிட்டத்தில் வந்த ஏதோ ஒன்று. "ஆர்டர் கைக்கு வரட்டும்னு இருந்தேங்க்கா."

பின்னால் ஒலிபெருக்கியில் யார் யாருடைய பெயரையோ கூவிக்கொண்டிருந்தார்கள். ருக்கு வாழைப்பழத்தை உரிக்காமல் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"தப்புதாண்டி. சொல்லியிருக்கணும்," என்றாள். "நான் திரும்பி வந்துடறேன். நாளைக்கே எழுதிக் குடுத்துடறேன். கிடைக்கும், கிடைக்கலை, அதைப்பத்திக் கவலையில்லை, இப்பவே உங்கிட்டச் சொல்றேன் பாரு."

"வேண்டாங்க்கா. நான் சத்ய நிகேதன் ரூமை விட்டுட்டேன். போன மாசமே குர்காவ் போயாச்சு." ஆபீஸ் பையைத் தோளில் சரிசெய்துகொண்டாள். "அங்க இருந்தா அஞ்சு மணிக்கு முழிப்பு வந்துருது. வந்து என்ன பண்றது?"

பிறகு கயிற்றுக்கு அடியில் குனிந்து வந்து, ருக்குவின் தோளைப் பிடித்து ஓரமாக உட்காரவைத்து, ஷூ முடிச்சை அவிழ்த்துவிட்டாள். மாரத்தான் முடித்தவளால் குனிய முடியாது என்பது இன்னொரு ஓட்டக்காரிக்குத்தான் தெரியும். ருக்கு அவளுடைய உச்சி வகிட்டைப் பார்த்துக்கொண்டு அழுதாள். பக்கத்தில் போனவர்கள் பதக்கம் வாங்கிய சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

இரண்டு வருஷம் முடிந்தபோது ஆபீஸில், "மேடம், தில்லிக்கு எழுதிக் கொடுக்கிறீர்களா?" என்று கேட்டார்கள். ருக்கு நீட்டிப்புக் கேட்டாள். ஸ்ரீதர் முணுமுணுத்துவிட்டு, தானும் விடுமுறை எடுத்துக்கொண்டு கோடைதோறும் வந்து போகப் பழகிக்கொண்டான். பத்மா ஆண்டியோடு இந்தியில் அரசியல் பேசுவான், மேடு ஏறமாட்டான். உள்ளூர் ஓட்டப் பந்தயங்களில் அவள் வயதுப் பிரிவில் ருக்குவுக்கு இரண்டு கோப்பைகள்கூடக் கிடைத்தன. அவற்றில் ஒன்றில் பத்மா ஆண்டி உலர்ந்த பாதாமி போட்டு வைத்திருக்கிறாள். தில்லி மாரத்தானுக்கு ருக்கு மறுபடி பெயர் கொடுக்கவில்லை. சேர்ந்து முடிப்பதாக இருந்த ஒன்றைத் தனியாக முடித்துவிட்டு வந்தவளுக்கு, அங்கே இன்னொரு முறை செய்ய எதுவும் இருக்கவில்லை.

மாதங்கியும் அவளும் சண்டைக்காரர்கள் இல்லை. பிறந்தநாளுக்கு வாழ்த்துப் போகும், வரும். தீபாவளிக்கு ஒரு விளக்குப் படம். போன தீபாவளிக்கு அந்த விளக்கும் வரவில்லை.

ருக்கு தில்லியை விட்டு வந்த பிறகு மூன்றாவதாக வந்த குளிர்காலம். குழாயில் தண்ணீர் கட்டியாகிவிட்டதால் பத்மா ஆண்டி அடுப்பில் பனியை உருக்கித் தருகிற நாட்கள். அந்த மாதங்களில் வெயில் வந்து தெரு இளகிய பிறகுதான் ஓட முடியும். இருந்தாலும் பழைய நேரத்துக்கு முழிப்பு வந்துவிடும். ரஜாய்ப் போர்வைக்குள் அசையாமல் படுத்து, முழிப்பு வந்து என்ன பண்றது என்று மாதங்கி கேட்ட அதே கேள்வியோடு, கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அப்படி ஒரு விடியலில் போன் அதிர்ந்தது. மாதங்கியின் பெயர். அதன் கீழே ஒரே வார்த்தை.

"இறங்கிட்டேன்."

ருக்கு எழுந்தது அவளுக்கே தெரியாது. வெறுங்கால் சில்லிட்ட தரையில் பட்டதும் தெரியவில்லை. ஒரு கை கட்டிலுக்கு அடியில் ஷூவைத் துழாவியது. மறு கைக் கட்டைவிரல், குளிரில் விறைத்திருந்தாலும், ஒவ்வோர் எழுத்தாக, "நானும்" என்று அடித்துவிட்டது. அனுப்புவதற்கு விரலை வைக்கப்போகையில், கண்ணெதிரே மாதங்கியின் அந்த வார்த்தை அழிந்தது. அது இருந்த இடத்தில், செய்தி நீக்கப்பட்டது என்ற சாம்பல் நிற வரி மட்டும் நின்றது.

சற்று நேரத்தில் இன்னொன்று வந்தது.

"ஸாரிங்க்கா. ரோஹிணின்னு இங்க ஒரு பொண்ணு, இப்ப அவளோடதான் ஓடறேன். அவளுக்கு அனுப்பறது உங்களுக்கு வந்துருச்சு. நீங்க தூங்குங்க."